தொழிற்சாலை இல்லாத ரேஸ் அணி: ராப் வோக்கர் வரலாறு பற்றிச் சில கேள்விகள்

நானுஓயாக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவில் எங்கள் கழகம் ஒரு சின்னக் கண்காட்சி வைக்கப் போகிறது. மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934ஆம் ஆண்டிலிருந்து நடந்து வருகிறது. பார்க்க வரும் பிள்ளைகளுக்குப் பெரிய கம்பனி அணிகளைப் பற்றி டிவியிலேயே எல்லாம் கிடைக்கும். இங்கே ஓடுவதில் பாதிப்பேர் சொந்தக் காசில், ஒரு காரோடும் இரண்டு மெக்கானிக்கோடும் வருகிறவர்கள். அதனால் அப்படிப்பட்ட ஓர் அணியின் கதையைப் பலகைகளில் எழுதலாம் என்று தீர்மானித்து, இங்கிலாந்தின் டோர்க்கிங் ஊரில் ஒரு கராஜிலிருந்து, மற்றக் கம்பனிகளின் கார்களை வாங்கி ஃபோர்முலா 1இல் ஓட விட்ட ராப் வோக்கர் அணியைத் தேர்ந்திருக்கிறோம்.

மூன்று விடயங்கள் தெளிவாகத் தெரிய வேண்டும். 1958 ஆர்ஜென்டினாவில் குதிரைவலு இவ்வளவு குறைந்த அவர்களின் கூப்பர் கார் எப்படி வென்றது? ஸ்டெர்லிங் மொஸ் போன்ற ஓட்டுநர் இருந்தும் 1959 சாம்பியன் பட்டம் ஏன் கைநழுவியது? 1968 பிரிட்டிஷ் கிராண்ட் பிரீதான் தனியார் அணியின் கடைசி வெற்றி என்று எல்லா இடத்திலும் இருக்கிறது, அதை அப்படியே எழுதலாமா?

கடைசிப் பலகையில் நம்முடைய ஆட்களுக்குப் பயன்படுகிற மாதிரி, கார்புரேட்டர் காரை நுவரெலியா உயரத்துக்குத் தயார்செய்வது பற்றியும் எழுத நினைக்கிறோம். சரியான கணக்கோடு யாராவது சொன்னால் பெரிய உதவி.

பழைய_கூப்பர்

தம்பி, முதல் பலகையை 1958இல் தொடங்க வேண்டாம். ஒரு வருடம் முன்னால் போங்கள், 1957 மொனாக்கோவுக்கு. கொவென்ட்ரி கிளைமக்ஸ் எஃப்பிஎஃப் எஞ்சின் அடிப்படையில் 1.5 லீற்றர், ஒரு படி கீழான ஃபோர்முலா 2 பந்தயங்களுக்காகச் செய்தது. அதைப் பெருப்பித்து 1,960 சிசி ஆக்கி, கூப்பர் டி43இன் பின்பக்கத்தில் வைத்து, 2.5 லீற்றர் கார்களோடு ஓட விட்டது வோக்கர் அணி. ஓட்டியவர் ஜாக் பிரபம். மூன்றாம் இடத்தில் வந்துகொண்டிருந்தபோது பெற்றோல் பம்ப் கைவிட்டது. காரைக் கையால் தள்ளியே கோட்டைக் கடந்து ஆறாவதாக முடித்தார். எஞ்சின் சின்னதானாலும் அந்தக் கார் முன்வரிசையில் ஓடும் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. 1958 வெற்றியை அதிர்ஷ்டம் என்று எழுதுகிறவர்கள் இந்தப் பந்தயத்தைப் பார்ப்பதில்லை.

இனி 1958 ஜனவரி 19, பியூனஸ் அயர்ஸ். மூன்று காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்தன.

முதலாவது எரிபொருள் விதி. 1957 வரை மெத்தனோல் கலவை ஊற்றலாம். 1958இலிருந்து விமானப் பெற்றோல் மட்டும்தான். மெத்தனோல் ஆவியாகும்போது எஞ்சினின் உட்பகுதியை நன்றாகக் குளிர்விக்கும். அதை நம்பிச் செய்த எஞ்சின்களில் கொம்ப்ரெஷன், ஜெட், வால்வு எல்லாவற்றையும் திருத்த வேண்டி வந்தது. வான்வோல், பிஆர்எம் என்ற இரண்டு பிரிட்டிஷ் அணிகளும் ஆர்ஜென்டினாவுக்கு வரவேயில்லை. அந்த வருடம் மொஸ் ஒப்பந்தப்படி வான்வோல் ஓட்டுநர். அவர்கள் போகாததால்தான் வோக்கர் காரில் உட்கார அவருக்கு வழி கிடைத்தது. கிளைமக்ஸ் எஞ்சினோ ஆரம்பத்திலிருந்தே பெற்றோலில் ஓடப் பிறந்தது. விதி மாறிய அன்று அதில் மாற்ற எதுவும் இல்லை.

இரண்டாவது பந்தய நீளம். 500 கிலோமீற்றர் அல்லது மூன்று மணி என்றிருந்தது 300 கிலோமீற்றர் அல்லது இரண்டு மணியாகக் குறைந்தது. மெத்தனோல் பெற்றோலைப் போல ஏறத்தாழ இரு மடங்கு குடிக்கும். தூரமும் குறைந்து, குடிக்கும் அளவும் குறைந்ததால் சின்ன டாங்கியோடு நிற்காமல் ஓடி முடிக்கலாம் என்ற நிலை வந்தது.

மூன்றாவது, பலகையில் பெரிதாக எழுத வேண்டியது, சக்கரம். பெராரியும் மசெராட்டியும் நடுவில் ஒற்றை நட் உள்ள கம்பிச் சக்கரம். சுத்தியலால் இரண்டு தட்டு, கழன்றுவிடும். கூப்பரில் நம் வீதிக் கார்கள் போல ஒரு சக்கரத்துக்கு நான்கு நட். பிட்டில் (தடத்தோரம் கார்களைக் கவனிக்கும் இடம்) நின்று டயர் மாற்றினால் நிமிடக் கணக்கில் போகும், பந்தயமும் அதோடு போகும். ஆகவே மாற்றுவதே இல்லை என்று முடிவெடுத்தார்கள். ஆனால் அதை வெளியே காட்டவில்லை. பிட்டில் புதுச் சக்கரங்களை எடுத்து வைத்து, இப்போது நிறுத்தப் போகிறார் என்று மற்றவர்கள் நம்பும்படி செய்தார்கள். பெராரி அணி அதை நம்பிக் காத்திருந்தது. உண்மை புரிந்து பெராரி ஓட்டுநர் முஸ்ஸோ துரத்தத் தொடங்கியபோது நேரம் கடந்துவிட்டது. 80 சுற்று முடிவில் வித்தியாசம் 2.7 செக்கன். மொஸ்ஸின் பின் டயர்களில் ரப்பர் தேய்ந்து உள்ளே இருக்கும் துணி தெரிந்தது.

டயர் அவ்வளவு தூரம் தாங்கியதற்கும் காரணம் உண்டு. எஞ்சின் பின்னால் இருப்பதால் ஓட்டுநருக்கு அடியில் ஓடும் நீளமான புரொப்பெல்லர் ஷாஃப்ட் கிடையாது, கார் தாழ்வு, மொத்தத்தில் மிக இலேசு. இலேசான கார் டயரைச் சூடாக்குவதும் குறைவு. பெராரியைவிட ஏறத்தாழ 100 குதிரைவலு குறைவு என்பது இந்தப் பக்கம் பார்த்தால் உதவிதான். பின் சக்கரம் வீணாகச் சுழல்வதும் குறைகிறது.

உலக சாம்பியன்ஷிப்பில் பின் எஞ்சின் காரின் முதல் வெற்றி அது. கூப்பருக்கும் முதல். நான்கு மாதம் கழித்து மொனாக்கோவில் மொரிஸ் திரன்தின்யோ, அதே வோக்கர் அணி, கூப்பர் டி45, மறுபடியும் வெற்றி. இதைக் கட்டாயம் சேருங்கள். ஓட்டுநர் வேறு, தடம் வேறு, முடிவு ஒன்று. மொஸ் ஒருவரால் மட்டும் நடந்தது என்ற பேச்சுக்கு இதுவே பதில்.

நிறத்தையும் சரியாகப் போடுங்கள்: கருநீலம், மூக்கைச் சுற்றி வெள்ளைப் பட்டி. பச்சை நிறத்தில் வரைந்துவிட வேண்டாம்.

டிக்கோயா_கியர்

1959 கேள்விக்கு என் பதில். பட்டம் போனது கியர்பொக்ஸால்.

பின் எஞ்சின் காரில் கியர்பொக்ஸும் டிஃபரன்ஷலும் ஒரே கூட்டுக்குள். கூப்பர் கம்பனி பாவித்தது சிட்ரோயன் முன்சக்கரக் காரின் கூட்டைத் திருத்திச் செய்தது. சாதாரணக் குடும்பக் காருக்கு வார்த்த கூடு அது. 1959இல் கிளைமக்ஸ் 2,495 சிசி ஆகி, ஏறத்தாழ 240 குதிரைவலு தரத் தொடங்கியதும் அதன் எல்லை நெருங்கிவிட்டது. கூப்பர் கம்பனி தன் காருக்குப் பலப்படுத்திய பொக்ஸ் செய்துகொண்டது. வோக்கர் அணியின் தலைமை மெக்கானிக் அல்ஃப் பிரான்சிஸ், இத்தாலியில் மொடெனாவிலிருந்த வலேரியோ கொலோட்டியிடம் ஐந்து கியர் பொக்ஸ் செய்வித்தார்.

அதன்பிறகு நடந்ததை அப்படியே ஒரு பட்டியலாகப் பலகையில் போடலாம். மொனாக்கோ: மொஸ் முன்னணியில் இருந்தபோது 81ஆம் சுற்றில் டிரான்ஸ்மிஷன் போனது. நெதர்லாந்தின் சான்ட்வூர்ட்: மீண்டும் முன்னணி, கியர்பொக்ஸ். கடைசிப் பந்தயம் அமெரிக்காவின் செப்ரிங், டிசம்பர்: ஐந்தாவது சுற்று, கியர்பொக்ஸ். பொக்ஸ் தாங்கிய நாட்களில் போர்த்துக்கலில் எல்லோரையும் ஒரு சுற்றுக்கு மேல் பின்தள்ளி வென்றார், இத்தாலியின் மொன்சாவிலும் வென்றார். வருட முடிவில் கூப்பர் கம்பனி அணியின் பிரபம் 31 புள்ளி, பெராரியின் புரூக்ஸ் 27, மொஸ் 25½. செப்ரிங்கில் அந்தப் பொக்ஸ் தாங்கியிருந்தால் பட்டம் வோக்கர் அணிக்கு வந்திருக்கலாம். அப்படி நடந்திருந்தால் ஒரு தனியார் கராஜின் காரில் உலக சாம்பியன்!

மொன்சாவில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆர்ஜென்டினாவில் நான்கு நட் சக்கரத்தோடு தவித்த அணி, இந்த முறை பின்பக்கத்துக்கு ஒற்றை நட் கம்பிச் சக்கரம் மாட்டிக்கொண்டு வந்தது. தேவைப்பட்டால் சட்டென்று மாற்றலாம். கடைசியில் மொஸ் நிற்கவேயில்லை, பெராரிகள்தான் டயருக்கு நின்றன. பாவிக்காத ஏற்பாடுதான், ஆனாலும் முந்தைய வருடத்துப் பலவீனத்தை அப்படியே விட்டுவைக்காத அணி என்பது இதில் தெரிகிறது.

இன்னொரு பலவீனத்தை அவர்களால் திருத்த முடியவில்லை, ஏனென்றால் அது கராஜுக்கு வெளியே இருந்தது. 1961இல் லோட்டஸ் கம்பனி புதிய 21 காரைச் செய்தது. வோக்கர் வாங்கத் தயார், ஆனால் விற்கவில்லை. காரணம் எண்ணெய்க் கம்பனி ஒப்பந்தம்: லோட்டஸ் அணி எஸ்ஸோ, வோக்கரும் மொஸ்ஸும் பிபி. ஆகவே முந்தைய வருடத்து லோட்டஸ் 18. எஞ்சின் விதியும் 1.5 லீற்றராகிவிட்டது, கிளைமக்ஸ் நான்கு சிலிண்டருக்கு ஏறத்தாழ 150 குதிரைவலு, பெராரி வி6 அதைவிடக் குறைந்தது 30 கூட. அந்தக் காரோடு மொஸ் மே 14 மொனாக்கோவில் 100 சுற்றுகள் பெராரிகளோடு போராடி, பெராரி ஓட்டுநர் கிந்தரை 3.6 செக்கனில் வென்றார். காற்றுப் படுவதற்காக இரண்டு பக்கத் தகடுகளையும் கழற்றிவிட்டு ஓடிய படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பந்தயம் தொடங்கச் சற்று முன் சட்டகக் குழாய் ஒன்றில் வெடிப்பு தெரிந்தது. பெற்றோல் நிறைந்த டாங்கிகளை ஈரத்துணியால் சுற்றிவிட்டு பிரான்சிஸ் அந்த இடத்திலேயே வெல்டிங் செய்தார். பலகையில் இதை எழுதினால், டாங்கியைக் கழற்றாமல் வெல்டிங் செய்வதை இன்று எந்தப் போட்டியிலும் அனுமதிக்க மாட்டார்கள் என்றும் கீழே ஒரு வரி போடுங்கள். பிள்ளைகள் படிப்பார்கள்.

அதே வருடம் ஆகஸ்டில் ஜெர்மனியின் நூர்பேர்க்ரிங்கில் மொஸ் மழை டயரோடு தொடங்கி, தடம் காய்ந்தபோதும் அதிலேயே ஓடி, மழை மறுபடி வந்தபோது தப்பித்து வென்றார். வித்தியாசம் 21.4 செக்கன்.

ஹட்டன்_வாசிகசாலை

கடைசி வெற்றி பற்றிய கேள்விக்கு வருகிறேன், அதில் கவனம் தேவை.

1968 ஜூலை 20, இங்கிலாந்தின் பிரான்ட்ஸ் ஹட்ச் தடம், பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ. ஜோ சிஃபர்ட், லோட்டஸ் 49பி, 80 சுற்று, கிறிஸ் ஏமனின் பெராரிக்கு 4.4 செக்கன் முன்னால். வோக்கர் அணியின் ஒன்பதாவது உலக சாம்பியன்ஷிப் வெற்றி, கடைசி வெற்றியும் அதுதான். இதுவரை எந்தத் தடையும் இல்லாமல் எழுதலாம். "தனியார் அணியின் கடைசி வெற்றி" என்று போட்டால் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: 1970 ஏப்ரலில் ஸ்பெயினின் ஹராமாவில் ஜாக்கி ஸ்டுவர்ட் வென்றது யாருடைய காரில்? மார்ச் கம்பனியிடம் வாங்கிய 701 கார், பந்தயத்தில் பதிந்தவர் கென் டிரெல், மரவியாபாரி. அப்போது டிரெல் சொந்தக் கார் எதையும் ஓட விடவில்லை. ஆகவே நான் சொல்வது: "வேறொரு கம்பனியின் காரை வாங்கி ஓட்டிய, தன் சொந்தக் காரை ஒருபோதும் பந்தயத்தில் இறக்காத அணி" என்ற பொருளில் வோக்கரே கடைசி என்று விளக்கி எழுதுங்கள். டிரெல் அதே 1970இல் சொந்தக் கார் கட்டத் தொடங்கிவிட்டார், வோக்கர் கடைசிவரை சொந்தக் காரில் பந்தயம் வெல்லவில்லை. இந்த வித்தியாசம் ஒரே வரியில் அடங்கும்.

ஒன்பதின் வரிசையும் தருகிறேன், சரிபார்த்துக்கொள்ளுங்கள்: 1958 ஆர்ஜென்டினா, மொனாக்கோ, 1959 போர்த்துக்கல், இத்தாலி, 1960 மொனாக்கோ, அமெரிக்கா, 1961 மொனாக்கோ, ஜெர்மனி, 1968 பிரிட்டன். இதில் 1960 மொனாக்கோ லோட்டஸ் காருக்கே முதல் உலக சாம்பியன்ஷிப் வெற்றி. கூப்பரின் முதல் வெற்றி, லோட்டஸின் முதல் வெற்றி இரண்டையும் அந்தக் கம்பனிகளின் சொந்த அணிகள் பெறவில்லை, டோர்க்கிங்கிலிருந்த ஒரு கராஜ் பெற்றுக் கொடுத்தது. என்னைக் கேட்டால் நுழைவாசலில் வைக்க வேண்டிய பலகை இதுதான்.

1968 வெற்றிக்குச் சில மாதங்களுக்கு முன் நடந்ததும் முக்கியம். புதிதாக வாங்கிய லோட்டஸ் 49ஐ சிஃபர்ட் பயிற்சியில் மோதிவிட்டார். உடைந்த காரை டோர்க்கிங் கராஜில் பிரித்துக்கொண்டிருந்தபோது பெற்றோல் ஆவி தீப்பிடித்தது. கராஜ், அந்தக் கார், வோக்கர் பாதுகாத்து வைத்திருந்த பழைய டெலாஜ் ரேஸ் கார் எல்லாம் எரிந்தன. சில மாதத்தில் வேறொரு 49பி எடுத்து, பிரிட்டிஷ் பந்தயத்துக்குச் சற்று முன் கைக்கு வந்த காரிலேயே வென்றார்கள்.

இந்த இடத்தில் நம் கராஜ்களுக்கு ஒரு செய்தி இருக்கிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம். தரையோடு ஊர்ந்து, தாழ்ந்த இடத்தில் தேங்கும். நுவரெலியா, ஹட்டன் பக்கம் குளிருக்கும் மழைச்சாரலுக்கும் கதவை மூடிக்கொண்டு வேலை செய்வது வழக்கம், காருக்கு அடியில் குழி வேறு, மூலையில் கரி அடுப்பு. மூன்றும் சேர்ந்தால் டோர்க்கிங்தான். மோதிய காரைக் குழிக்கு மேல் ஏற்றவே கூடாது. முதலில் வெளியே வைத்து பட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். பிறகு கைப்பம்பால் பெற்றோலை மூடியுள்ள இரும்புக் கேனுக்கு இறக்குங்கள். பிளாஸ்டிக் வாளியும் புனலும் வேண்டாம், ஊற்றும்போது நிலைமின்சாரம் சேரும். கேனையும் காரின் உலோக உடலையும் ஒரு வயரால் இணைத்தால் அந்த ஆபத்து குறையும். டாங்கி காலி என்றால் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம், காலி டாங்கியில்தான் ஆவி நிறைய. கிரைண்டர், டிரில், குமிழ் விளக்கு மூன்றும் டாங்கியும் குழாயும் வெளியே போன பிறகுதான் உள்ளே வர வேண்டும். பக்கத்தில் நுரை அல்லது உலர்தூள் அணைப்பான். தண்ணீர் ஊற்றினால் எரியும் பெற்றோல் மிதந்து பரவும்.

ஹப்புத்தளை_ஜெட்

உயரக் கணக்கு என் பங்கு. நுவரெலியா 1,868 மீற்றர். காற்றழுத்தம் கடல்மட்டத்தின் ஏறத்தாழ 80 வீதம். குளிர்ந்த காற்று சற்று அடர்த்தி என்பதால், கொழும்பின் 30 பாகையோடு நுவரெலியாவின் 15 பாகையை ஒப்பிட்டால் அடர்த்தியில் 16 வீதம் அளவு இழப்பு. டேர்போ இல்லாத எஞ்சினில் குதிரைவலுவும் அதே அளவு போகும். இதை எந்த டியூனிங்கும் திருப்பித் தராது. ஜெட் (கார்புரேட்டரில் பெற்றோல் இறங்கும் சின்னத் துவாரம்) மாற்றுவதால் வலு கூடுகிறது என்று சிலர் சொல்வது, தேவைக்கு மேல் கொட்டிய பெற்றோலைச் சரிசெய்த பலன் மட்டும்தான்.

கார்புரேட்டர் ஏன் கொட்டுகிறது? காற்று மெலிந்தாலும் ஜெட் வழியே இறங்கும் பெற்றோல் அதே விகிதத்தில் குறைவதில்லை. கணக்குப்படி கலவை 9, 10 வீதம் செறிவாகும், அதாவது காற்றுக்குத் தேவையானதைவிடப் பெற்றோல் கூடும். அதனால் துவாரத்தின் பரப்பு 9 வீதம் குறைய வேண்டும், விட்டம் 4.5 வீதம். வெபர், சொலெக்ஸ் ஜெட்டில் எண் என்பது விட்டம்: 140 என்றால் 1.40 மில்லிமீற்றர். கொழும்பில் 140 சரியாக இருந்தால் இங்கே 135இல் தொடங்குங்கள், 132 ஒன்றும் கையில் வையுங்கள். மிக்குனியில் சில வகை ஜெட்களின் எண் பாயும் அளவைக் குறிக்கும், அவற்றில் 9 வீதம் குறைக்க வேண்டும்: 150 இருந்தால் 137.5 அல்லது 135. இரண்டு எண் முறையையும் குழப்பினால் கலவை வறண்டு (பெற்றோல் போதாமல்) பிஸ்டன் உருகும். முழு எக்ஸிலேட்டரில் ஏறி, அப்படியே கிளட்ச் மிதித்து எஞ்சினை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கறுப்புப் புகை படிந்திருந்தால் ஜெட் இன்னும் பெரிது, வெள்ளை என்றால் சிறிது.

இக்னிஷனை 2 பாகை முன்னே தள்ளலாம், சிலிண்டரில் அழுத்தம் குறைவு, நொக்கிங் (எஞ்சின் உள்ளே தட்டுவது) பயமும் குறைவு. ஆனால் போட்டி முடிந்து அதே செட்டிங்கோடு, அதே சின்ன ஜெட்டோடு, கினிகத்தேனை தாண்டிக் கீழே இறங்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் அவிசாவளைக்கு முன்பே தட்டத் தொடங்கும். பெரிய ஜெட்டை மாட்டி, டைமிங்கைப் பின்னே இழுத்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும்.

ரேடியேட்டர் மூடி, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இங்கே தண்ணீர் கொதிப்பது ஏறத்தாழ 94 பாகையில். 0.9 பார் மூடி சரியாக இருந்தால் 115 வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் 94க்கு இறங்கிவிடும். ஃபேன் ஓடத் தொடங்குவதே அந்தச் சூட்டில்தான். கொழும்பில் மாதக்கணக்காகப் பிரச்சினை காட்டாத பழைய மூடி, இங்கே வரிசையில் நிற்கும்போதே கக்கும்.

பிரேக் பெடலுக்கு உதவும் சேர்வோவும் காற்றழுத்தத்தால் வேலை செய்கிறது. அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் உதவியும் அந்த அளவு குறையும். பெடல் கனமாகத் தெரிவது பழுதல்ல. ஓட்டுநருக்கு முன்கூட்டியே சொல்லி, ஓரிரு தடவை பழக விடுங்கள்.

காலைப் பனிமூட்டத்தில் இன்னொன்று: 10, 12 பாகை, ஈரக் காற்று, வென்சூரியில் (கார்புரேட்டரின் ஒடுங்கிய கழுத்து) பெற்றோல் ஆவியாகும்போது சூடு சட்டென்று விழுந்து உள்ளே பனிக்கட்டி பிடிக்கும். வரிசையில் ஐட்லிங் மெல்ல இறங்கி நின்றுவிடும். சில நிமிடம் விட்டால் தானாக ஸ்டார்ட் ஆகும், எல்லோரும் பெற்றோல் பம்பைப் பழிப்பார்கள். எக்ஸோஸ்ட் மனிஃபோல்டிலிருந்து சூடான காற்றைக் கொண்டுவரும் தகரக் குழாயை ரேஸுக்கு என்று கழற்றி எறிந்த கார்களில்தான் இது வருகிறது. வரிசையில் நிற்கும் வரை குழாய் இருக்கட்டும், தொடங்குமுன் கழற்றினால் போதும்.

நானுஓயாக்காரன்

அண்ணன்மார் எல்லோருக்கும் மிக்க நன்றி. நுழைவாசலில் ஒன்பது வெற்றிகளின் பலகை, இரண்டாவதாகச் சக்கரம், மூன்றாவதாக 1959 கியர்பொக்ஸ், நான்காவதாகத் தீ விபத்து, கடைசியில் உயரம் என்று வைக்கிறோம். ஒரு சந்தேகம்: இப்போது வரும் கார்களில் பெரும்பாலானவை இன்ஜெக்ஷன். அவற்றுக்கு ஜெட் பகுதி பொருந்தாதுதானே?

ஹப்புத்தளை_ஜெட்

எஞ்சினுக்குக் காற்று போகும் மனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் சென்சர் உள்ள காருக்குப் பொருந்தாது தம்பி, கம்பியூட்டரே பெற்றோலைக் குறைத்துக்கொள்ளும். சென்சரின் ரப்பர் குழாயில் வெடிப்பு இல்லாமல் பார்த்தால் போதும். எண்பதுகளின் கார்களில் காற்று தள்ளித் திறக்கும் கதவு வகை மீற்றர் இருக்கும். அது பாயும் காற்றின் கனஅளவை அறியும், அடர்த்தியை முழுதாக அறியாது. ஆகவே கார்புரேட்டர் போலவே செறிவாகும். பாதி எக்ஸிலேட்டரில் ஒக்சிஜன் சென்சர் திருத்திவிடும், முழுதாக மிதித்தால் திருத்தாது, மலையேற்றத்தில் மிதிப்பதோ முழுதாக. அந்த வகைக் காரை பெற்றோல் பிரஷர் ரெகுலேட்டரில் திருத்த வேண்டும்: பாய்ச்சல் 9 வீதம் குறைய, அழுத்தம் 17 வீதம் குறைய வேண்டும். 2.5 பார் இருந்தால் 2.1 பார். மீற்றர் மாட்டி அளந்து செய்யுங்கள்.

சக்கரப் பலகைக்குப் பக்கத்தில் சக்கரம் மாட்டும் ஒரு பழைய ஹப்பை வைத்து, நான்கு நட்டையும் பிள்ளைகளே கழற்றி மாட்ட விடுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்டொப்வொட்ச். ஹப்பை மேசையில் போல்ட் போட்டு இறுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் காலில் விழும்.